பூனை வளரும் வீட்டில் கொசு ஒழிப்பு

கொசுவை ஒழிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அதனை எங்கே ஒழிப்பது, எவ்வாறு ஒழிப்பது என்பதில்தான் பலர் வழி தவறிவிடுகின்றனர். கொசு காதருகே ரீங்காரமிடத் தொடங்கிய பிறகே அதன் நினைவு நமக்கு வருகின்றது. உடனே சுருளைக் கொளுத்துகின்றோம்; மருந்துப் புட்டியை எடுத்துச் சுவரெங்கும் தெளிக்கின்றோம். கொசு சாகின்றதோ இல்லையோ, தெளித்த மருந்து மெல்லத் தரையில் இறங்கித் தங்கிவிடுகின்றது. அந்தத் தரையில்தான் வீட்டுப் பூனை படுத்துப் புரள்கின்றது. அதே தரையில்தான் நம் கைக்குழந்தையும் தவழ்கின்றது.

தோட்ட வாழ்வில் பூனைக்குத் தனி இடமுண்டு. அரிசியையும் கோழித் தீவனத்தையும் எலியிடமிருந்து காப்பது அதன் பணி. எலி பெருகினால் அதனைத் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சலும் பரவும். ஆதலால், பூனையை விரட்டிவிட்டுக் கொசுவை ஒழிப்பது அறிவுடைமையன்று. பூனைக்காகக் கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்வதும் முறையன்று. இரண்டையும் கருதிச் செயற்பட எளிய வழிகள் உண்டு. கொசுவைப் பறக்கும் முன்பே நீரில் அழித்துவிட வேண்டும். எஞ்சியதை வலையால் தடுக்க வேண்டும். நச்சு மருந்தை இறுதியில் மட்டும், அளவறிந்து கையாள வேண்டும். இவ்வரிசை மாறாதிருந்தால் வீட்டிலுள்ள உயிர்கள் அனைத்தும் நலமாக இருக்கும்.

எந்தக் கொசு, எந்த நோய்?

டெங்கிக் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அதன் கறுத்த உடலிலும் கால்களிலும் வெள்ளைக் கோடுகள் காணப்படும். இது பகலில் கடிப்பது. காலை வெளிச்சம் வந்த பின்னரும், மாலையில் இருட்டுவதற்கு முன்னரும் இதன் கடி மிகுதி. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1 இலட்சத்து 30 ஆயிரத்திற்கும் மேற்பட்ட டெங்கிச் சம்பவங்கள் பதிவாயின. 182 பேர் உயிரிழந்தனர்.

மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு. இது அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குள் எவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. இது பெருஞ்சாதனையாகும். ஆயினும், குரங்குகளிடமிருந்து மனிதரைத் தொற்றும் நோலெசி மலேரியா இன்னும் ஒழியவில்லை. காட்டோரத் தோட்டங்களில் பொழுது புலருமுன் பால்வெட்டச் செல்வோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சதுப்பு நிலங்களில் வாழும் மன்சோனியா கொசு. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேர்களைப் பற்றிக்கொண்டு இதன் புழுக்கள் வளரும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புருகியா மலாயி என்னும் நுண்புழுவை இக்கொசு பரப்புகின்றது. பூனை வளர்ப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. அந்நுண்புழு மனிதனிடம் மட்டுமன்றிக் குரங்கிடமும் பூனையிடமும் வாழக் கூடியது. மலாயாவில் 1950ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வுகள் இதனைப் புலப்படுத்தின. பகாங் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய புருகியா பகாங்கி என்னும் புழுவும் பூனைகளிடம் காணப்படுவது. அது 1956ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது.

இதனைப் படித்துவிட்டுப் பூனையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பூனையைத் தொடுவதாலோ மடியில் வைத்துக்கொள்வதாலோ இப்புழு தொற்றுவதில்லை; கொசு கடித்தால்தான் தொற்றும். டெங்கிக் காய்ச்சலைப் பூனை பரப்புவதுமில்லை. அதே கொசுக்கள் பூனைக்கும் தீங்கு செய்கின்றன. இதயப்புழு என்னும் நோயைப் பூனைக்கும் நாய்க்கும் கொண்டுவருவது கொசுவே ஆகும். எனவே, கொசு ஒழிந்தால் பூனைக்கும் நன்மை, நமக்கும் நன்மை.

பூனைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

கடைகளில் விற்கப்படும் கொசு மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்னும் இரசாயன வகையைச் சேர்ந்தவை. செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் பூவில் உள்ள நஞ்சைப் பார்த்து மனிதன் செய்துகொண்ட மருந்துகள் இவை. மனிதனின் கல்லீரல் இவற்றைச் சிதைத்து, வேறொரு பொருளுடன் பிணைத்து, உடலிலிருந்து வெளியேற்றிவிடும். நாயின் கல்லீரலும் அவ்வாறே செய்யும். பூனையின் கல்லீரலிலோ அவ்வாறு பிணைத்து வெளியேற்றும் ஆற்றல் மிகவும் குறைவு. எனவே, நஞ்சு அதன் உடலில் நெடுநேரம் தங்கி நரம்புகளைத் தாக்குகின்றது.

இரண்டாவது காரணம் பூனையின் பழக்கம். தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்துகொள்வது அதன் இயல்பு. தரையில் படிந்த மருந்து முதலில் அதன் பாதத்திலும் உரோமத்திலும் ஒட்டுகின்றது. பின்னர் நாவின் வழியே வயிற்றுக்குச் செல்கின்றது. தவழும் குழந்தையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. தரையைத் தடவிய கையை அது வாயில் வைக்கின்றது. ஆகவே, பூனைக்காக நாம் மேற்கொள்ளும் ஒவ்வொரு எச்சரிக்கையும் குழந்தைக்கும் காவலாகும்.

முதற்பணி: நீரிலேயே அழித்தல்

மருந்துப் புட்டிகள் தோன்றாத காலத்திலேயே கொசுவை வெல்லும் வழியை இம்மண்ணில் கண்டறிந்தனர். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டார். கிள்ளான் நகரிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலங்களைத் திருத்தி நீரை வடியச் செய்யும் பணிகள் நடைபெற்றன. காய்ச்சலும் மரணமும் குறைந்தன. பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் அவர் இப்பணியை விரிவாக்கினார். நீர் தேங்காவிடில் கொசுவுக்குப் பிறப்பிடமில்லை என்னும் பாடம் அன்றும் இன்றும் ஒன்றே.

ஏடிஸ் கொசு பெரிய குட்டையைத் தேடுவதில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் உள்ள மழைநீரே அதற்குப் போதுமானது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் கெடாமல் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் பிடிக்கும். எனவே, வாரத்திற்கு ஒரு முறை நீரைக் கொட்டிப் பாத்திரத்தைச் சுத்தம் செய்தால் எந்தப் புழுவும் கொசுவாக முடியாது. நீரை மட்டும் கொட்டுவது போதாது. ஒட்டியிருக்கும் முட்டைகள் அகலும்படி உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வீட்டிலும் வெளியிலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை:

1. தண்ணீர்ப் பீப்பாய், குளியலறைத் தொட்டி. இறுக்கமான மூடி இட வேண்டும். மூடி இல்லையேல் மெல்லிய துணியையோ வலையையோ கட்டலாம்.

2. பூனைக்கு நீர் வைக்கும் கிண்ணம். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைக்க வேண்டும்.

3. சாமி மேடையிலுள்ள பூச்செம்பு, அழகுச் செடிகளின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு.

4. எறும்பு ஏறாதிருக்க உணவு அலமாரியின் கால்களுக்குக் கீழே வைக்கும் நீர்க் கிண்ணங்கள். இவற்றில் உப்பைக் கரைத்து வைத்தால் கொசு வளராது. மண்ணெண்ணெயோ பூச்சி மருந்தோ ஊற்ற வேண்டாம். பூனை நாவால் தொட்டுவிடும்.

5. கூரைப் பீலி, பழைய டயர், காலி டின், வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, உடைந்த வாளி.

6. பால்மரத்து மங்குகள். இது நமக்கே உரிய பொறுப்பு. மரங்களுக்கு ஓய்வு கொடுக்கும் போதும், இலையுதிர் காலத்தில் வெட்டு நிற்கும் போதும், தொடர்மழையால் வேலை தடைப்படும் போதும் மங்குகள் நிமிர்ந்தே இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுப் பண்ணையாகிவிடும். ஒரு நிரையில் எத்தனை மங்குகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். வெட்டில்லாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது சிறிய வேலை. அதன் பயனோ பெரிது.

பீப்பாய் நீரை அடிக்கடி கொட்ட இயலாத இடங்களில் டெமெபோஸ் என்னும் புழுக்கொல்லி மணலைப் பயன்படுத்தலாம். நூற்றுக்கு 1 பங்கு மருந்து சேர்ந்த மணலாயின் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம், 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம் என்பது கணக்கு. இவ்வளவுடன் இட்டால் அந்நீர் மனிதருக்கும் பூனைக்கும் தீங்கு செய்யாது. அளவை மீற வேண்டாம். மீதியுள்ள பொட்டலத்தைக் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். தொட்டிகளில் கப்பி மீன் வளர்ப்பதும் நல்ல முறையே. அது கொசுப்புழுக்களைத் தின்னும். ஆனால், பூனை அம்மீனைத் தின்னாதவாறு தொட்டியின் மேல் கம்பிவலை இடுவது உங்கள் பொறுப்பு!

வீட்டிலோ வளாகத்திலோ கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட அண்டை வீட்டாரை எண்ணிச் செய்வது மேலானது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே வாழ்ந்து முடிகின்றது. ஒரு வீட்டுப் பீப்பாயில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். லயன் முழுவதும் ஒரே நாளில் துப்புரவுப் பணியில் இறங்கினால்தான் முழுப்பயன் கிட்டும்.

இரண்டாம் பணி: தடுத்தல்

கொசுவலைக்கு நிகரான காவல் வேறில்லை. அதில் புகையில்லை, மணமில்லை, பூனைக்கும் தீங்கில்லை. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், பகலில் உறங்கும் குழந்தையையும் வலைக்குள் கிடத்துவது அவசியம். வலையின் ஓரங்களைப் பாயின் அல்லது மெத்தையின் அடியில் செருகிவிட வேண்டும். பூனையின் நகத்தால் கிழிந்த இடங்களை அன்றே தைத்துவிடுவது நலம்.

மருந்தேற்றி விற்கப்படும் வலைகளில் மருந்து நூலோடு பிணைந்திருக்கும். வலையை மருந்தில் நனைத்துக் காயவைக்கும் முறை பின்பற்றப்படும் இடங்களில், அது நன்றாக உலரும்வரை பூனையை நெருங்கவிடக் கூடாது. ஈர வலையே பூனைக்கு ஆபத்தானது. சன்னல்களுக்குக் கம்பிவலை அடிப்பதும், வேலைக்குச் செல்கையில் முழுக்கை சட்டையும் நீள்காற்சட்டையும் அணிவதும் செலவு குறைந்த காவல்களாகும்.

மூன்றாம் பணி: மருந்தை அளவறிந்து கையாளுதல்

மேற்கூறிய இரண்டையும் செய்த பின்னரும் மருந்து தேவைப்படலாம். அப்போது கீழ்க்காணும் விதிகளைக் கைக்கொள்ளுங்கள்.

கொசுவர்த்திச் சுருள்: மூடிய அறையில் கொளுத்துதல் ஆகாது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துப் பார்த்து 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு ஈடாகும் என்று கண்டது. இப்புகை குழந்தையின் நெஞ்சுக்கும் பூனையின் நெஞ்சுக்கும் கேடு. சுருளைக் காற்றோட்டமுள்ள வாசற்புறத்தில், உலோகத் தட்டில் வைக்க வேண்டும். பூனையின் வால் பட்டுத் தட்டு கவிழ்ந்தால் வீடே தீப்பற்றக் கூடும்.

தெளிக்கும் மருந்து: குழந்தைகளையும் பூனையையும் முதலில் வெளியேற்ற வேண்டும். உணவையும், குடிநீரையும், பூனையின் கிண்ணங்களையும், அது படுக்கும் சாக்கையும் அகற்றிவிட வேண்டும். தெளித்த பின் புட்டியில் குறித்துள்ள நேரம்வரை அறையை மூடி வைத்து, பிறகு கதவு சன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு, தரையைச் சவர்க்கார நீரால் துடைக்க வேண்டும். தரை உலர்ந்த பின்னரே பூனையை உள்ளே விடலாம்.

உடலில் பூசும் கொசு விரட்டி: நமக்காகச் செய்யப்பட்டதைப் பூனைக்குப் பூசவே கூடாது. பல விரட்டிகளில் உள்ள டீட் என்னும் பொருள் பூனைக்கு நஞ்சு. நம் கைகளில் பூசியிருக்கும் போது பூனை நக்கிவிடலாம். வேலை முடிந்து வந்ததும் கைகால்களைக் கழுவிவிட்டுப் பூனையையும் குழந்தையையும் தூக்குங்கள்.

நாய்க்கு இடும் உண்ணி மருந்து: இதுவே பூனைக்கு மிகக் கொடியது. கழுத்தில் சொட்டாக விடும் சில நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் செறிந்து இருக்கும். சில சொட்டுகளே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானவை. மருந்திட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து நேரலாம்.

தைலங்கள்: இயற்கையில் கிடைத்தது தீங்கற்றது என்று எண்ணுதல் தவறு. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், கிராம்புத் தைலம், சிட்ரோனெல்லா எண்ணெய் ஆகியவற்றையும் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற இயலாது. இவற்றையோ வேப்பெண்ணெயையோ பூனையின் உடலில் தடவ வேண்டாம். பூச்சி உருண்டையையும் பூனை இருக்கும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் வேப்பிலைப் புகையும் கொசுவைச் சிறிது நேரம் அகற்றக் கூடும். ஆனால் அவையும் புகையே. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் தவிர்ப்பது நன்று.

தோட்ட மருந்துகள்: களைக்கும் பூச்சிக்கும் அடிக்க ஸ்டோரில் வைத்திருக்கும் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொசுவுக்கு அடிப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். காலியான மருந்துக் கலனை எவ்வளவு கழுவினாலும் அதில் குடிநீர் பிடித்து வைக்கலாகாது. வீட்டு உபயோகத்திற்கு வாங்கும் மருந்திலும் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெயரும் எண்ணுமில்லாத புட்டிகளை வாங்காதீர்கள்.

புகையடிப்பு: வட்டாரத்தில் டெங்கி கண்டால் சுகாதாரப் பணியாளர்கள் புகை மருந்து அடிக்க வருவர். அவர்களுக்கு ஒத்துழைப்பு நல்க வேண்டும். உணவையும் நீரையும் மூடிவிட்டுக் குழந்தைகளோடும் முதியோரோடும் வெளியேறுங்கள். பூனையைக் கூடையில் இட்டு உடன் கொண்டுசெல்லுங்கள். அரவம் கேட்டால் அது கட்டிலடியில் பதுங்கிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே பிடித்து வைப்பது நலம். பணியாளர் கூறும் நேரத்திற்குப் பின்னரே உள்ளே செல்ல வேண்டும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழுவைக் கொல்லாது. புகையடித்தாயிற்று என்று பீப்பாயைத் திறந்து போட்டால் ஒரு வாரத்தில் புதுக்கொசு வரும்.

பூனைக்கு நஞ்சேறினால் செய்ய வேண்டியவை

எச்சில் வடிதல், காதும் தோலும் துடித்தல், நடை தள்ளாடுதல், உடல் நடுங்குதல், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். உடலில் மருந்து பட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கலந்து உரோமத்தைக் கழுவித் துணியால் துவட்டிப் போர்த்த வேண்டும். பூனை நக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வாயில் பாலோ எண்ணெயோ ஊற்றக் கூடாது. வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது. மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்திற்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ விரைந்து செல்லுங்கள். தாமதியாமல் சிகிச்சை பெறும் பூனைகளில் பல பிழைத்துக்கொள்கின்றன.

மனிதருக்குக் காய்ச்சல் கண்டால்

திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, தோலில் சிவந்த புள்ளிகள் ஆகியவை தோன்றினால் டெங்கி என ஐயுற்று மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்து மிகும் நேரமாகும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குதல் ஆகாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாக உட்கொண்டால் இரத்தக் கசிவு அதிகரிக்கக் கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மாத்திரை போதுமானது. அதனையும் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். நமக்கு மருந்தாகும் அம்மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லவல்லது. மருந்தை வெளியேற்ற இயலாத அதே கல்லீரலே இதற்கும் காரணம்.

வாரத்திற்குப் பத்து நிமிடம்

வாரத்திற்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைத் தேடி அழிக்குமாறு சுகாதார அமைச்சு நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர் ஒருபுறமும் பள்ளிப் பிள்ளைகள் மறுபுறமுமாக இதனைச் செய்யலாம். கூத்தாடிப் புழுவைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளின் கண்கள் நம் கண்களைவிடக் கூர்மையானவை. பீப்பாயின் மூடி, பூனையின் கிண்ணம், கூரைப் பீலி, கவிழ்க்கப்படாத மங்கு ஆகியவற்றைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். நீரில் அழிந்த கொசுவுக்கு வீட்டுக்குள் மருந்து தேவையில்லை. மருந்து குறைந்த வீட்டில் பூனையும் அச்சமின்றிப் படுத்துறங்கும். குழந்தையும் அச்சமின்றித் தவழும். இந்த வாரமே தொடங்குங்கள்.